பட்டக் கடற்கரையில் பதினைந்து நிமிடம்

வயர்களைப் பூட்டி முதல் பேஸ் ஒலியை மெதுவாக விட்டுப் பார்த்ததுமே, இது சரிவரப் போவதில்லை என்று றொசாந்திக்கு விளங்கிவிட்டது. பிழை ஸ்பீக்கரில் இல்லை, மேலே இருந்தது. தைப்பொங்கல் பின்னேரம், வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டிக்காக ஐம்பது அறுபது பட்டங்கள் ஏறி நின்றன. பாதிக்கு மேல் விண் பூட்டிய பட்டங்கள். விண் என்பது வில்லில் இழுத்துக் கட்டிய நாடா; அது காற்றில் அதிர்ந்து போடும் முழக்கம் ஒரு சுருதி, கீழே இவளுடைய பேஸ் இன்னொரு சுருதி. இரண்டும் சேர்ந்து கூழாகிவிட்டன.

‘குமுறல்’ குழு என்றால் றொசாந்தியும் நிருஷனும்தான். இரண்டு வருடமாக யாழ்ப்பாணத்தில், பூச்சுப் பூசாத ஒரு மேல்மாடியில், அதே நாற்பது பெடியன் பெட்டைகளுக்கு டப்ஸ்டெப் என்ற மின்னணு இசை வாசித்தார்கள். நெஞ்சை உலுப்பும் பேஸ், அரைவேகத் தாளம், நடுவில் திடீரென்று ஒரு மௌனம், பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழும் இடம். அந்த நாற்பது பேர் போதாது என்பது றொசாந்தியின் பிடிவாதம். குழந்தை குட்டியோடு கதிரை பிடித்து உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு இது பிடிக்காது என்று யார் முடிவு செய்தது? அந்தச் சனம் இன்று முன்னால் ஆயிரக்கணக்கில் இருந்தது.

விழாக் குழு நடராசா மேடைக்கு ஏறி வந்தார்.

“பிள்ளை, பதினைஞ்சு நிமிசம். சனம் எழும்பத் தொடங்கினா நான் நிப்பாட்டிப்போடுவன். பிறகு கோவிக்கப்படாது.”

“ஓம் அண்ணை. எழும்பாயினம்.”

அவர் இறங்கியதும் நிருஷன் கிட்ட வந்தான். “ஒரு படப்பாட்டைக் கலந்து விடுவமே? இல்லாட்டி உந்தப் பட்டங்களைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கேப்பம்.”

“பட்டப் போட்டியிலை வந்து பட்டத்தை இறக்கச் சொல்லுறியோ? எங்களைக் கட்டி ஏத்திவிடுவினம்.”

சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணை மூடி மேலே பட்டங்களின் முழக்கத்தைக் கேட்டாள். பிறகு மடிக்கணினியில் முழு இசையையும் அரைச்சுரம் இறக்கினாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். கூழ் தெளிந்தது. பட்டமும் பேஸும் ஒரே தொண்டையாகிவிட்டன. கெட்டிக்காரிதான் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு தொடங்கினாள்.

அந்தக் கெட்டித்தனமே வினையாயிற்று. பேஸ் எழுந்து மணல் அதிரத் தொடங்கிய நேரம், சனம் முழுக்க வானத்தைப் பார்த்தது. “அம்மாடி, உது எந்தப் பட்டத்தின்ரை விண்ணடா?” என்று முன்வரிசையில் ஒருவர் எழும்பி நின்று தேடினார். ஒருவர் மீன் பட்டத்தைக் காட்ட, பக்கத்தில் இருந்தவர் இல்லையென்று அடித்துச் சொன்னார். மேடையைப் பார்க்க ஒரு ஆளில்லை. றொசாந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருட உழைப்பு, பெயர் தட்டிக்கொண்டு போவது ஒரு கடதாசிப் பட்டமா?

“முடிஞ்சுது,” என்றான் நிருஷன். “படப்பாட்டைப் போடு.”

அவள் சனத்தை இன்னொரு முறை பார்த்தாள். யாரும் போகவில்லை. வாயைத் திறந்தபடி, ஒரு சொட்டு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற பக்கம்தான் பிழை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பொறு. இவையளுக்குப் பிடிச்சிட்டுது,” என்றாள்.

மௌனம் வரவேண்டிய இடம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அறுத்தாள்.

மேலே பட்டங்கள் தங்கள் சின்னக் குரலில் முனகிக்கொண்டு நின்றன. அந்தப் பெரிய முழக்கம் மட்டும் இல்லை. ஒரு தலை இறங்கியது. பிறகு பத்து, பிறகு வரிசை வரிசையாகக் கடற்கரை முழுக்க முகங்கள் மேடைப் பக்கம் திரும்பின. பாட்டில் வைத்திருந்த நான்கு தாளத்தட்டு மௌனம் கடந்துவிட்டது.

“போடடி!” என்றான் நிருஷன்.

அவள் போடவில்லை. பட்டக்கயிற்றைக் கையில் சுற்றியிருந்த ஒரு மனிதரும் தன் பட்டத்தை மறந்து, கயிறு தொய்ய விட்டபடி, பொத்தானுக்கு மேலே நின்ற அவளுடைய ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.