கீழ்க்குட்டைப் பெத்தியா

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அப்பா போன் எடுத்தார்.

"பாப்பா, ஒன்னோட மீனெல்லாம் காப்பாத்தியாச்சு. ஒண்ணுகூட சாகல."

அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் சிரிப்பதும் வாளிகள் ஒன்றோடொன்று இடிபடுவதும் கேட்டன. நான் பல்கலைக்கழக விடுதியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா விட்டீங்க?"

"வேற எங்க, மேல் குட்டையிலதான்."

"சரிப்பா, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சந்தோஷமாக இருந்த மனிதரிடம் போனில் வேறு என்ன சொல்வது?

குருவிட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இரண்டு குட்டைகள். மேல் குட்டை, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ரப்பர் ஆலையான ஸ்டோருக்குத் தண்ணீர் எடுக்கக் கல் கட்டித் தேக்கியது. ஆழம், குளிர், அடிவரை கண்ணுக்குத் தெரியும். கீழ்க்குட்டை, எந்தக் காலத்திலோ யாரோ மாணிக்கக் கல் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம். எப்போதும் கலங்கல், எப்போதும் சேறு. இரண்டிலும் இருப்பது என்றோ ஒரு வெள்ளத்தில் ஓடையிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட விரல் நீள மீன்தான். சிங்களத்தில் பெத்தியா என்பார்கள், எங்களுக்கும் அது பெத்தியாதான். நடுவில் ஒரு மலை. ஒரு குட்டை மீன் மற்றக் குட்டைக்குப் போக வழியே இல்லை.

நான்கு வருடமாக அந்த மீன்களை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. மேல் குட்டை மீன் ஒல்லி. ரப்பர் மரத்திலிருந்து விழும் பூச்சியைத் தண்ணீரின் மேலேயே கவ்வ வேண்டுமே, அதனால் வாய் மேல்நோக்கித் திறக்கும். கீழ்க்குட்டை மீனுக்கு உடம்பு அகலம், கண் பெரிது, வாய் கீழ்நோக்கி. சேற்றை உறிஞ்சி, வேண்டியதை விழுங்கி, மிச்சத்தைத் துப்பும். கீழ்க்குட்டை முட்டைகளை எடுத்துவந்து, மேல் குட்டைத் தண்ணீரை ஊற்றித் தொட்டியில் வளர்த்தேன். குஞ்சுகளுக்கும் வாய் கீழேதான் இருந்தது. வளர்ந்த தண்ணீரால் வந்ததல்ல, பிறப்பிலேயே வந்தது. ஒரு மீன் இரண்டு மீனாகப் பிரிந்துகொண்டிருந்தது, எங்கள் லயத்துக்குப் பின்னால். அதை முதலில் கண்டவள் நான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

மார்ச்சில், மாணிக்கம் தோண்டக் கீழ்க்குட்டையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. நானும் என் பேராசிரியை மர்லியா மேடமும் ஏழு கடிதம் எழுதினோம். தோட்ட நிர்வாகியான துரை கொழும்புக் கம்பெனியைக் கேட்கச் சொன்னார். கொழும்பு துரையைக் கேட்கச் சொன்னது. கடைசியில் யாரோ ஒருவர் போனில், ஜூன் வரைக்கும் தொடமாட்டோம் என்றார். நானும் நம்பினேன், மடச்சி. மே மாதமே தண்ணீர் இறைக்கும் மோட்டார் வந்துவிட்டது.

அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டுக்குப் போயிருந்தபோது, "கீழ்க்குட்டை மீன் செத்தா என் நாலு வருசமும் போச்சுப்பா" என்று அவர் முன்னால் அழுதவள் நான். அதற்கும் முன்னால் ஒரு நாள் அவர் கேட்டார்: "பாப்பா, ரெண்டு குட்டையிலயும் ஒரே மீன்தானே?" நான் மீனை அளந்துகொண்டிருந்தேன். விளக்கப்போனால் அரை மணி நேரம் வீணாகும் என்று நினைத்தேன். "ஆமாப்பா, ஒண்ணுதான்" என்றேன். வகுப்பில் முந்நூறு பேருக்குச் சொன்னதை அப்பாவுக்குச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

திங்கள் மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரப்பர்ப் பால்வெட்டு முடிந்து, கறை பிடித்த சட்டையோடு அப்பா காத்து நின்றார். ஏற்றத்தில் நடக்க நடக்க அவர்தான் பேசினார்.

"பூசை முடிஞ்சு வர்றோம், மோட்டார் ஓடுது. குட்டையில பாதித் தண்ணி இல்ல. அப்பறம் என்ன, கோயில் உடுப்போட எல்லாரும் எறங்கிட்டோம். ஒங்கம்மா செலினா புதுச் சேலைய முட்டி வரைக்கும் ஏத்திக் கட்டிக்கிட்டு சேத்துல நிக்கிறா. பால் வாளியிலதான் அள்ளுனோம். பாலுக்கு ஊத்துன அமோனியா வாசம் போக நானே மூணு தடவ கழுவுனேன். மீனுக்கு அது ஆகாதில்ல?"

"ஆகாதுப்பா."

எல்லாவற்றையும் யோசித்திருந்தார். நான் சொல்லாத ஒன்றைத் தவிர.

மேல் குட்டையில் தண்ணீருக்குப் பதில் மீன்தான் இருப்பதுபோல் தெரிந்தது. முட்டையிடும் காலம். கறுத்துப்போன ஆண் மீன்கள் எது ஒல்லி, எது அகலம் என்று பாராமல் துரத்தின. இரண்டுக்கும் பிறக்கும் குஞ்சின் வாய் மேலேயும் இருக்காது, கீழேயும் இருக்காது. தொட்டியில் பார்த்திருக்கிறேன். சில வருடத்தில் இங்கே இரண்டு மீன் இருந்ததற்கு என் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி.

மேடத்தைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "பிடிச்ச வரைக்கும் கொண்டு வாங்க ஜெனிற்றா" என்றார். "ஆனா இங்க தொட்டியில இருநூறு மீன்தான் நிக்கும். அதுகளத் திருப்பி விட ஒரு குட்டை வேணுமே."

பிடிக்காமலும் இருக்க முடியவில்லை. கைவலையை எடுத்தேன், இரண்டு வாளி வைத்தேன், பிரிக்கத் தொடங்கினேன். அப்பா பக்கத்தில் குந்தினார். எந்த மீன் எந்த வாளிக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவிய கண். பத்து நிமிடத்தில் அவர் கையும் பிரிக்கத் தொடங்கியது, ஒன்றுகூடத் தப்பாமல். பிறகு அந்தக் கை நின்றது.

"இதுக்கு வாய் கீழ இருக்கே."

"ம்."

"நாங்க கொண்டாந்தது இது."

நான் வலையை மறுபடி தண்ணீரில் விட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னியே பாப்பா."

"ஒண்ணுதான்ப்பா" என்றேன் மறுபடியும். முதல் தடவை சோம்பலில் சொன்ன பொய். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. கீழ்க்குட்டை மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று இறங்கினார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. வளைவில் போய் நின்றுவிட்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கீழ்க்குட்டை தெரியும். இப்போது சிவப்பு மண் தெரிந்தது. நடுவில் ஒரு பெக்கோ மெஷின் தோண்டிக்கொண்டிருந்தது.

வாளிக்குள் மீன்கள் வாயைக் கீழே வைத்து, சேறு தேடி அலுமினியத்தைத் தடவிக்கொண்டிருந்தன.

"இத எங்க பாப்பா விடுறது?" என்று அப்பா கேட்டார்.