இரண்டாவது வரி

என் அக்கா புருஷன் தோதாராம் டில்லியில் தண்டோரா போடுகிறவர். நான் அவருக்கு முன்னால் நின்று தமுக்கு அடிக்கிறவன். பேரெல்லாம் அவர் குரலுக்குத்தான். தமுக்கை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

எந்த உத்தரவானாலும் முதலில் மூன்று வரி சொல்லியாக வேண்டும். உலகம் ஆண்டவனுடையது. நாடு பாதுஷாவுடையது. உத்தரவு இன்னாருடையது. இந்த இன்னார் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். மாமாவின் தாத்தா மூன்றாவது வரியில் பட்டாணியர் பெயரைச் சொன்னார். மாமாவின் அப்பா சிந்தியா மகாராஜாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்து, ஒரு நாள் காலையில் வெள்ளைக்காரர்களின் கம்பெனி பகதூருக்கு மாறினார். கோட்டைக்குள் இருந்த பாதுஷாக்களில் ஒருவருக்குக் கண்ணே கிடையாது. இன்னொருவருக்கு அதிகாரம் வாசற்படியோடு சரி. ஆனாலும் ஊரைப் பிடித்தவன் ஒருவனும் இரண்டாவது வரியில் கை வைக்கவில்லை. அந்தப் பெயர் அவர்களுக்கெல்லாம் வேண்டியிருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் மீரட்டிலிருந்து சிப்பாய்கள் வந்து வெள்ளைக்காரர்களை விரட்டினார்கள். நாடும் பாதுஷாவுடையது, உத்தரவும் பாதுஷாவுடையது என்று கூவச் சொன்னார்கள். மாமா கூவினார். நான் பயந்தேன். "ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்னடா, தொண்டை நம்மளுது" என்று சிரித்தார். நாலு மாதத்தில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பாதுஷாவைக் கைதியாக்கினான். ஊர் சனம் மொத்தத்தையும் மதிலுக்கு வெளியே துரத்தினான்.

நிஜாமுதீன் பக்கத்தில் ஒரு பழைய கல்லறை மண்டபத்தில் ஒண்டினோம். அக்கா ராம்தேயி கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். மார்கழிக் குளிரில் அந்தக் கல்தரையில் படுத்து ஏற்கெனவே இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் செத்துப்போயிருந்தார்கள். பிரசவத்துக்குள் அவளை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர மாமாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்போதுதான் முன்ஷி மன்சாராம் எங்களைத் தேடி வந்தார். இருபது வருஷம் கோட்டையில் பாதுஷாவின் உப்பைத் தின்றவர், இப்போது ஒரு துரைக்கு மொழிபெயர்க்கிறார். தானிய வியாபாரிகள் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குள் திரும்பலாம் என்று ஏழு நாள் கூவ வேண்டுமாம். கூவினால் எட்டாம் நாள் எங்கள் மூவருக்கும் உள்ளே நுழையச் சீட்டு.

"ஆனா ரெண்டாவது வரியில பாதுஷா கிடையாது. நாடும் கம்பெனி, உத்தரவும் கம்பெனி. நாக்கு பிசகுச்சுன்னா கழுத்து போயிரும், பாத்துக்க."

"ஆண்டவனை விட்டு வச்சிருக்காங்களே, அதுவே பெருசு முன்ஷிஜி" என்றார் மாமா.

அக்கா கம்பு ரொட்டி தட்டிக்கொண்டே அவரைச் சொல்லச் சொல்லிப் பழக்கினாள். பத்துக்கு மூன்று தடவை பாதுஷா வந்துவிடுவார். அவள் ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு முறைப்பாள். கடைசியில் நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் வரி முடிந்ததும் தமுக்கில் இரண்டு அடி அடிப்பேன். அந்தச் சத்தத்தில் அவர் நின்று, யோசித்து, பிறகு சொல்ல வேண்டும். ஆறு நாள் மதிலுக்கு வெளியே கூவினோம், அது பலித்தது.

ஏழாம் நாள் காலை மதிலுக்குள்ளே கானம் பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வீடு அங்கேதான். போனால் தெருவே இல்லை. கோட்டையைச் சுற்றி இருந்த வீடுகளையெல்லாம் இடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சுவர் மிச்சம் நின்றது. கல்யாணமாகி வந்த அன்றைக்கு அக்கா பதித்த மஞ்சள் கைத்தடம் அதில் அப்படியே இருந்தது. கூலியாட்கள் கடப்பாரையோடு அதன் அடியில் நின்றார்கள்.

பின்னால் துரையும் முன்ஷியும் வெள்ளைச் சிப்பாய்களும். நான் தமுக்கை அடித்தேன். மாமா சுவரைப் பார்த்தபடியே முதல் வரியைச் சொன்னார். இரண்டு அடி அடித்தேன். அவர் காதில் அது விழவே இல்லை. அவர் நாக்கில் சனி உட்கார்ந்தான்.

"நாடு பாதுஷாவுடையது. உத்தரவு கம்பெனி பகதூருடையது."

சொன்னது அவருக்கே தெரியவில்லை. தானிய வியாபாரிகளைப் பற்றி மளமளவென்று சொல்லிக்கொண்டு போனார். துரைக்கு எங்கள் பாஷை தெரியாது. அது அப்படியே போயிருக்கும். ஆனால் கூலியாட்களில் ஒரு கிழவர் கடப்பாரையைக் கீழே வைத்தார். பாதுஷா பேரைக் கேட்டால் டில்லிக்காரன் கை நெற்றிக்குப் போகும். அவர் கையும் போனது. துரைக்குப் பாஷை தெரியாதே தவிர சலாம் தெரியும். யாருக்கு இந்தச் சலாம் என்று முன்ஷியைக் கேட்டான்.

முன்ஷி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் துரை அடுத்து என்னைத்தான் கேட்டான். தெரிந்தே சொன்னானா, வாய் தவறியா என்று. வாய் தவறித்தான் ஐயா, ஒரு வாரமாகப் பழகுகிறார், இரண்டு அடி அடிப்பதே அதற்குத்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் கோடையில் பாதுஷா பேரைக் கூவியபோதும் நீதானே அடித்தாய் என்று கேட்பான். கூலிக்காரக் கிழவரை அதற்குள் இரண்டு சிப்பாய்கள் பிடித்துவிட்டிருந்தார்கள்.

"தமுக்குச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க" என்றேன்.

மாமா அப்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமே இல்லை. முன்ஷியிடம், "அவனை விட்டுடுங்க. வெறும் தமுக்கடிக்கிறவன், அவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

அன்று ராத்திரி என்னை வெளியே விடவில்லை. மறுநாள் காலை என்னையே கூவச் சொன்னார்கள். சாந்தினி சௌக்கில் தொடங்கி டில்லி வாசல் வரை போனேன். உலகம் ஆண்டவனுடையது, நாடு கம்பெனியுடையது, உத்தரவு கம்பெனியுடையது. ராஜத் துரோகி தோதாராமை இன்று மாலை கோத்வாலி காவல் சாவடிக்கு முன்னால் தூக்கில் போடுவார்கள், எல்லோரும் வந்து பார்க்க வேண்டியது. எங்கேயும் எனக்கு நாக்கு தடுக்கவில்லை.

சொன்ன சொல்லை முன்ஷி காப்பாற்றினார். வாசலில் வைத்து மூன்று சீட்டு கொடுத்தார். பிறகு நினைவு வந்து ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அக்கா மூட்டையோடு வாசலுக்கு வெளியே காத்திருந்தாள். எட்டாம் நாள் வரச் சொல்லியிருந்தோமே. நான் கூவியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அழவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அவர் வேணும்னு சொல்லலைன்னு நீ சொன்னியா, கிர்தாரி?"

"தமுக்குச் சத்தத்துல எனக்குக் கேக்கலக்கா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து ஒரு சீட்டை மட்டும் உருவிக்கொண்டு, காவல்காரனிடம் நீட்டிவிட்டு, கானம் பஜார் பக்கம் வேகமாக நடந்தாள். அங்கே வீடு இல்லை என்பதை நான் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.