ஹட்சின்ஸ் தைத்த கோட்டு

வேதமணி தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் மேலாளர். பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய டயர் என்று அயல்தேசத்தார் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் அவர் கையெழுத்தில்தான் கரையேறும். அதையெல்லாம் அவர் 'கார்கோ' என்று மரியாதையாகச் சொல்வார். மகள் ஜெயஷீலா வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தபோதுதான் அந்த மரியாதை போயிற்று.

"ஊரான் அவுத்துப் போட்டத என் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயா வைக்க?"

"எல்லாம் துவைச்சாச்சுப்பா."

"எத்தன தரம் துவைச்சாலும் அடுத்தவன் வேர்வை அடுத்தவன் வேர்வைதான். நாம நாசரேத் ஊர்க் குடும்பம்ளா. மூணு தலைமுறையா வாத்தியாருங்க. அறுப்புப் பண்டிகைக்குள்ள அது வெளிய போயிருக்கணும். இல்லன்னா நானே மொட்டை மாடில வச்சுக் கொளுத்திருவேன்."

வேதமணி சொன்னால் செய்கிற ஆள். மகளுடைய சினிமாப் பத்திரிகைகளை ஒருமுறை அப்படித்தான் பரலோகம் அனுப்பினார்.

மூட்டை மூன்று பேருக்குச் சொந்தம். ஜெயஷீலாவோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த ஜெயபிரியா, பேச்சிச்செல்வி மற்ற இருவர். ஜெயபிரியா ஆற்றங்கரை நெல்லுக்கார வீட்டுப் பெண். கிழிசல் தைப்பது அவள் வேலை. குலசேகரன்பட்டினத்துப் பேச்சிச்செல்வி, இன்ஸ்டாகிராமில் வாயடித்து விற்பாள். மூவரும் சேர்த்து வைத்திருந்த காசெல்லாம் அந்த மூட்டையில் இருந்தது. வேறு இடத்துக்கு மாற்றலாமென்றால் ஜெயபிரியா வீட்டில் நெல் மூட்டைக்கே இடமில்லை. பேச்சிச்செல்வி வீட்டில் ஆடுகள் துணி தின்னும். அப்பா கொளுத்தினால் தொழில் அத்தோடு சரி.

மூட்டையிலேயே உயர்ந்தது ஒரு சாம்பல் நிறக் கோட்டு. முழங்கை மட்டும் நைந்திருந்தது. ஜெயபிரியா தன் அப்பாவின் பழைய காக்கிக் கால்சட்டையை வெட்டி இரண்டு முழங்கைக்கும் முட்டை வடிவத்தில் ஒட்டுத் தைத்திருந்தாள். காலருக்கு உள்ளே வெள்ளை நாடாவில் பேனாவால் யாரோ 'R. ஹட்சின்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

"யாருளா இந்த ஹட்சின்ஸு?" என்றாள் ஜெயபிரியா, மொட்டை மாடியில் மூட்டையைப் பிரித்துக்கொண்டே.

"செத்துப் போன வெள்ளைக்காரனா இருக்கும். எங்க ஊர்ல ஒருத்தன் தசராவுக்குக் கலெக்டர் வேஷம் கட்ட இதத்தான் கேட்டுட்டிருக்கான்" என்றாள் பேச்சிச்செல்வி.

துணி உலர்த்த மாடிக்கு வந்த ஜெயஷீலாவின் அம்மா ஜெபசுதா, கோட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தாள்.

"ஏளா, இதுதான் இருக்கதுலயே நல்லதா?"

"ஆமாம்மா."

"அப்ப இத நான் எடுத்துக்கிடுதேன். பண்டிகைக்குக் கொடுக்கணும்."

"அம்மா, இது விக்கதுக்கு."

"உன் தொழில்ல முதப்பலன் கர்த்தருக்குன்னு வேதத்துல இருக்கா இல்லையா? வருஷா வருஷம் மார்க்கெட்டுல பூசணிக்கா வாங்கி, நம்ம வயல்ல விளைஞ்ச மாதிரி தூக்கிட்டுப் போக எனக்கே வெக்கமா இருக்கு. இந்த வருஷந்தான் இந்த வீட்டுல நெசமா ஒண்ணு விளைஞ்சிருக்கு."

வேதத்தை எதிர்த்துப் பேச மூவராலும் முடியவில்லை. ஒருத்திக்கு வேதம் தெரியும். மற்ற இருவருக்கும் ஜெபசுதாவைத் தெரியும்.

அறுப்புப் பண்டிகை அன்று தோழிகள் இருவரும் வேதக் கோயிலுக்கு வந்திருந்தார்கள். ஆராதனைக்கல்ல, அதற்குப் பிறகு போடுகிற ஆட்டுக்கறி அசன விருந்துக்கு. சாப்பாட்டுக்கு முன்னால் ஏலம். காணிக்கையாக வந்த முருங்கைக்காய், சேவல், முட்டை எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். கடையில் கிடைப்பதை விடப் பத்து மடங்கு கொடுத்து எடுப்பதுதான் அங்கே பெருமை. பாதி பக்தி; பக்கத்து பெஞ்சுக்காரன் பார்க்கிறான் என்பது மீதி.

போன வருஷம் ஓர் எலுமிச்சம்பழத்தில் வேதமணி உப்பளத்துக்காரர் பொன்னுதுரையிடம் தோற்றிருந்தார். பொன்னுதுரை அதை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்து, அது சுருங்கிக் கருத்துப் புளியங்கொட்டையான பிறகும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஏலம் விடும் செல்வின் கோட்டை உயர்த்திப் பிடித்தான்.

"அசல் பாரின் கோட்டு. கொடுத்தவங்க பேரச் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. முழங்கையில பாருங்க, லெதர் மாதிரி வேலைப்பாடு."

"எங்கப்பா வயக்காட்டுக்குப் போட்ட டவுசர்" என்று ஜெயபிரியா முணுமுணுத்தாள்.

பொன்னுதுரை கையைத் தூக்கினார். உடனே வேதமணியின் கையும் எழுந்தது.

"ஏளா, உங்கப்பா. போய் நிறுத்துளா" என்றாள் பேச்சிச்செல்வி.

"எப்படி நிறுத்த?"

"கையக் காட்டு."

ஜெயஷீலா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"பெண்கள் பக்கம் ஒரு கை" என்றான் செல்வின். விலை ஏறிற்று.

வேதமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்துக் கைக்கும் சேர்த்து இன்னும் உயரமாகத் தன் கையைத் தூக்கினார். ஜெயஷீலா பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினாள். செல்வின் அதை இரண்டாகவே கணக்கு வைத்துக்கொண்டான். கடைசியில் பொன்னுதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார, கோட்டு வேதமணிக்கு முடிந்தது. ஜெபசுதா மட்டும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, அதில் முக்கியமாக ஏதோ இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதமணி கோட்டை அங்கேயே போட்டுக்கொண்டார். தூத்துக்குடி உச்சி வெயில். அசனப் பந்தியில் கறிச்சாற்றின் ஆவி வேறு. வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைத்தால் கோட்டு புழுங்குகிறது என்று ஆகிவிடும் என்பதால் துடைக்கவில்லை.

எதிர் இலையில் இருந்த பொன்னுதுரை எட்டி அவர் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், உள்ள யாரோ பேர் எழுதிருக்கு. எவனாவது போட்டுக் கழிச்சதா?"

பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஜெயஷீலா வாய்க்குக் கொண்டுபோன எலும்பை இலையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, அது தையல்காரர் பேரு" என்றார் வேதமணி. "லண்டன்ல பெரிய ஆளுக எல்லாம் அங்கனதான் தைக்காங்க. கைப்படப் பேர் எழுதித்தான் கொடுப்பாராம்."

"ஹட்சின்ஸா?"

"ஹட்சின்ஸே தான். கேள்விப்பட்டதில்லையா?"

"கேட்டிருக்கேன், கேட்டிருக்கேன்" என்றார் பொன்னுதுரை, விட்டுக்கொடுக்காமல்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றவரிடம் ஜெபசுதா மோரை நீட்டினாள்.

"ஏங்க, அது நம்ம வீட்டுக் கோட்டுதான். நம்ம கட்டிலுக்கு அடியில கிடந்தது."

வேதமணி மோரைக் குடித்து முடித்தார். கண்ணாடியில் தெரிந்த ஆளை மேலும் கீழும் பார்த்தார். கழற்றவில்லை.

"அந்தப் பெண்கள் பக்கத்துக் கை யாருது?"

"என்னுதுப்பா" என்றாள் ஜெயஷீலா. "வேண்டாம்னுதான் காட்டினேன்."

அவர் தீப்பெட்டியைத் தேடுகிறாரா என்று மகள் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அப்போது வாசலில் பைக் நின்றது. பொன்னுதுரை உள்ளே வந்து உட்கார்ந்து, மழை, உப்பு விலை எல்லாம் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த ஹட்சின்ஸ்கிட்ட எனக்கொண்ணு சொல்ல முடியுமா? மகன் நிச்சயதார்த்தம் வருது. உங்களுக்குக் கப்பல்ல ஆள் பழக்கம் உண்டுல்லா."

"சாமானியமாத் தைக்க மாட்டாரு" என்றார் வேதமணி. "அளவு பாத்துச் சொல்லி அனுப்புதேன்."

பொன்னுதுரை போனதும் அவர் மகளைக் கூப்பிட்டார்.

"மூட்டையக் கட்டிலுக்கு அடியில வைக்காத. ஈரம் ஏறும். என் பீரோல கீழ்த்தட்டு காலியாத்தான் இருக்கு. அவரு உடம்புக்கு ஏத்த மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வா."

கறுப்பில் ஒன்று இருந்தது. வேதமணி மூக்குக் கண்ணாடியை மாட்டி, வெள்ளை நாடாவைத் தானே அளந்து வெட்டி, மூன்று தலைமுறை வாத்தியார் குடும்பத்துச் சாய்வெழுத்தில் 'R. ஹட்சின்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியது போதவில்லை என்று தோன்ற, கீழே 'லண்டன்' என்றும் சேர்த்தார்.

"அப்பா, கோட்டுப் பாக்கெட்டுக்கு உள்ள 'மேட் இன் சைனா'ன்னு துணி வச்சுத் தச்சிருக்கு."

வேதமணி மையை ஊதிக் காயவைத்துக்கொண்டே சொன்னார்:

"அத ஜெயபிரியாகிட்ட பிரிச்சு எடுக்கச் சொல்லு."