பிலோமியின் கட்டைவிரல்

காசிமேட்டில் மீன் விற்கிற பிலோமியின் விரல் நுனிகளில் வெண்புள்ளி வந்து சில வருஷமாகிறது. தொத்து வியாதி இல்லை என்று அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஆனாலும் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசி முடித்துவிட்டு, "பக்கத்துக்காரி கையால எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்கிற மகராசிகளை என்ன செய்வது? வயிறெரிவாள், அவ்வளவுதான்.

மகள் ஜூடிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்த எரிச்சல் பயமாக மாறியது. கோயிலுக்குக் கிளம்பும் முன் பெண்ணின் நெற்றியில் தாய் கட்டைவிரலால் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும். வீடு நிறைய ஜனம், வீடியோக்காரன் வேறு.

"சுத்திக்கீற தோலும் வெளுத்துட்டா புள்ளி எங்கமா தெரியப்போவுது?" என்று ஜூடி, கல்யாணத்துக்காகத் தான் பூசுகிற சிவப்பழகு க்ரீமையே நீட்டினாள். பிலோமி தன் பங்குக்கு, மீன் கவுச்சி போகத் தினமும் தேய்க்கிற எலுமிச்சை மூடியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அதன்மேல் க்ரீமைப் பூசிக்கொண்டு வெயிலில் கூடை முன்னால் உட்கார்ந்தாள். கை எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள், பைத்தியக்காரி!

தோல் சிவந்து உரிந்தது. பிறகு கட்டைவிரல் முழுக்கத் திட்டுத் திட்டாக வெளுத்தது.

தோல் டாக்டர் க்ரீம் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார்.

"ஹைட்ரோகுவினோன்னு போட்டிருக்கே, இருக்கிற நிறத்தையும் எடுக்கிற மருந்தும்மா இது. வெண்புள்ளி இருக்கறவங்க தாங்களா வாங்கிப் பூசவே கூடாது. வாசனை க்ரீம், எலுமிச்சை, சொரசொரன்னு தேய்க்கிற ஸ்க்ரப், எதுவும் வேணாம். தோல் புண்ணான இடத்துல புதுசா வெளுக்கும்."

"கண்ணாலத்துக்குள்ள சரியாப்பூடுமா சார்?"

"மாசக்கணக்கா ஆகும்மா. நிறம் திரும்பாமலும் போகலாம்."

வெளியே வந்ததும் ஜூடி அழுதாள். "நான்தாம்மா கெடுத்துட்டேன்."

"வுடு கண்ணு. நீ இன்னா வோணும்னேவா செஞ்ச?" என்றாள் பிலோமி. வேறென்ன சொல்ல முடியும் அவளால்?

கல்யாணத்தன்று காலை, வெள்ளைப் புடவையில் ஜூடி அம்மா முன்னால் மண்டியிட்டாள். பிலோமி புடவைத் தலைப்புக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். விரல் நெற்றியைத் தொடப்போகும்போது ஜூடியின் தலை துளி பின்னால் போனது. அது அவளுக்கே தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிந்தது.

"மேக்கப்பு கலைஞ்சிடும், அப்படியே இரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பிலோமி நெற்றியைத் தொடாமல் காற்றிலேயே சிலுவை போட்டாள்.