பூமிக்குள் ஓடிய நீலக் கார்

புதைத்தபோது பதினோரு கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருந்த நீலக் கார், ஐம்பது வருஷம் கழித்து நகராட்சிச் சதுக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்டபோது மூன்று லட்சத்து நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. டயர்கள் நான்கும் வழவழவென்று தேய்ந்திருந்தன. முன்கண்ணாடியில் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன. பானெட்டில் கை வைத்த கிரேன் ஓட்டுநர் சூடு தாங்காமல் கையை உதறினார். அன்று வெயில் இல்லை என்பதும் நகராட்சிப் பதிவேட்டில் இருக்கிறது.

கூட்டத்தின் முன்னால் நின்ற வெல்டர் அம்மாள் இதில் எதையும் முதலில் பார்க்கவில்லை. அவள் குனிந்து பார்த்தது காரை வைத்து மூடியிருந்த இரும்புப் பெட்டியின் தரையை. காய்ந்து கிடந்தது. அந்தப் பெட்டியை வெல்டிங் செய்தவர் அவளுடைய அப்பா. வருங்கால ஜனங்கள் நம்மைத் தெரிந்துகொள்ளட்டும் என்று அப்போதைய நகராட்சித் தலைவர் புத்தம்புதுக் கார் ஒன்றைப் புதைக்கத் தீர்மானித்தபோது, அப்பா ஒன்பது நாள் அந்தப் பெட்டிக்குள்ளும் வெளியிலும் படுத்தும் குந்தியும் வேலை செய்தார். ஆறே மாதத்தில் பெருமழை. சதுக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கார் மூழ்கியிருக்கும் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. யார் வாயிலிருந்து முதலில் வந்ததோ, அப்பாவுக்குச் ‘சொட்டு’ என்று பேர் விழுந்தது. தொட்டி செய்யக் கொடுக்க வருகிறவர்கள்கூட, “ஒழுகாதுல்ல?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் அளவைச் சொல்வார்கள். அவர் அளவைக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பேரோடு வாழ்ந்து, அந்தப் பேரோடேயே போய்ச்சேர்ந்தார். பட்டறையோடு பேரும் மகளுக்கு வந்தது. ‘சொட்டு மக’ என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

ஐம்பதாம் வருஷம் நெருங்கியபோது, துருவையும் சேற்றையும் அள்ளி எடுத்து அசிங்கப்படுவானேன், மேலேயே வாகன நிறுத்தம் கட்டிவிடலாம் என்று நகராட்சி யோசித்தது. அவள் வெல்டிங் முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கூட்ட அரங்குக்குள் நுழைந்தாள்.

“தோண்டுங்க. உள்ள ஒரு டம்ளர் தண்ணி இருந்துச்சுன்னா, அன்னைக்கே பட்டறையப் பூட்டிட்டு இந்த ஊரவிட்டே போயிடறேன்.”

அதற்கு மேல் யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. அப்பா போட்ட வெல்டிங் தையல்களில் கை வைக்காமல், மேல் தகட்டின் நடுவில் வெட்டித் திறந்ததும் அவள்தான்.

தண்ணீர் இல்லை. ஆனால் கார் ஓடியிருந்தது. நகராட்சிப் பொறியாளர் மீட்டரை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: “யாரோ பெட்டியத் தொறந்து எடுத்து ஓட்டிட்டு, திரும்பக் கொண்டாந்து வச்சிருக்காங்கம்மா. அப்ப உங்கப்பா வச்ச வெல்டிங் எங்கயோ விட்டுப்போயிருக்கணுமே.”

அவளுக்குக் காது மடல் கொதித்தது. “கார் எங்க வேணா போயிட்டு வரட்டும் சார், அது அதோட இஷ்டம். எங்கப்பா வெல்டிங் விட்டுச்சா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

வெளியூரிலிருந்து சோதனை அதிகாரி ஒருவர் பூதக்கண்ணாடியும் சிவப்புச் சாயமுமாக வந்தார். விரற்கடை விரற்கடையாக மூன்று நாள் பார்த்தார். வெடிப்பிருந்தால் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். ஊர் முழுக்க வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: பெட்டி ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. கார் ஓடியிருக்கிறது.

பிறகு தையலை விரலால் தடவிக்கொண்டே, “முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்படி ஒரு கைய நான் பாத்ததில்ல. யாரு செஞ்சது?” என்று கேட்டார்.

“எங்கப்பா” என்றாள். சதுக்கத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படி, இன்னொரு தரமும் சொன்னாள். பழைய ஆட்கள் சிலர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியின் பக்கவாட்டில் அப்பாவின் முழுப்பேரும் பித்தளைத் தகட்டில் ஏறியது. யாரும் அறிவிக்காமலேயே பட்டப்பேர் ஒரு வாரத்தில் வழக்கொழிந்தது.

அந்த வருஷமே அடுத்த ஐம்பது வருஷத்துக்கென்று வெள்ளைக் கார் ஒன்று புதைக்கப்பட்டது. பெட்டியை அவள் செய்தாள். தொட்டி நிறையப் பெட்ரோல், உபரி டயர்கள் எட்டு, சாலை வரைபடம் ஒன்று எல்லாம் உள்ளே வைக்க வேண்டும் என்று நகராட்சி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசித் தையலை முடித்து முகமூடியைத் தூக்கியபோது, வேலை செய்த கை வலித்தாலும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

மண் மூடிய பதினேழாம் நாள் எங்கோ தூரத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒருவர் நகராட்சிக்குப் போன் செய்தார். உங்கள் ஊர் வெள்ளைக் கார் இப்போதுதான் இந்தப் பக்கம் போனது, நல்ல வேகம், ஆனால் இடது பக்கச் சிக்னல் விளக்கு எரியவில்லை என்றார். நகராட்சி எழுத்தர் பட்டறைக்குப் போன் போட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னார்.

“பெட்டி ஒண்ணும் ஆகலையே?” என்றாள் அவள்.

“அதெல்லாம் போய்ப் பாத்துட்டுத்தாம்மா பேசறேன். மூடின மண்ணுகூட அசையல.”

“அப்பச் சரி. எழுதி வையுங்க. தோண்டும்போது மாத்திக்குவாங்க.”

எழுத்தர் அப்படியே எழுதி வைத்துவிட்டு, குடிநீர் இணைப்பு கேட்டு வரிசையில் நின்றவரைக் கூப்பிட்டார்.