ரங்கூனிலிருந்து வராதவர்

சொர்ணத்துக்கு அப்பாவின் முகம் தெரியாது. அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது கப்பலேறி ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனவர் குழந்தைசாமி. சண்டை மூண்டு ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

அன்னவாசல் பக்கத்தில் அவர் பாகத்துக்கு வந்த நஞ்சைத் துண்டு ஒன்று இருந்தது. அதைத் தம்பி திருப்பதி உழுது அனுபவித்துவந்தார். சொர்ணத்தின் தாய் சின்னப்பிள்ளை கேட்கப் போனபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"அண்ணன் வரட்டும், அவருகிட்ட ஒப்படைக்கிறேன். அவரு உசுரோட இருக்கையில ஒங்ககிட்ட எப்புடிக் கொடுக்கிறது மதினி?"

அப்பா உயிரோடு இருப்பதாக ஊரில் அடித்துச் சொன்னவர் சித்தப்பா ஒருவர்தான். அதனாலேயே சொர்ணத்தால் அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை.

ஏழு வருஷம் சேதி இல்லாதவரைச் செத்தவராகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆண் வாரிசு இல்லாததால் நிலம் பெண்டாட்டிக்கு வரும் என்றார் வக்கீல். கூலி வேலை செய்து இரண்டு வயிற்றைக் கழுவிக் களைத்துப்போயிருந்த சின்னப்பிள்ளை வழக்குப் போட்டாள். புதுக்கோட்டை சமஸ்தானம் கலைந்த மறுவருஷம் குளத்தூர் கோர்ட்டில் அது விசாரணைக்கு வந்தது.

சாட்சி கறம்பக்குடி சவரியப்பன். பர்மாவிலிருந்து குழந்தைசாமியோடு கால்நடையாகக் கிளம்பியவர்.

"மலையில அவருக்குக் காய்ச்சல் கண்டுருச்சுங்க. மரத்தடியில உக்காந்துட்டாரு. நீங்க போங்கப்பா, நான் பின்னாடியே வாரேன்னாரு."

"அப்புறம்?" என்றார் வக்கீல்.

"தெரியாதுங்க. உசுரோடதான் விட்டுட்டு வந்தேன்."

இடைவேளையில் சொர்ணம் அவரைத் தேடிப் போனாள். "எங்கப்பா எப்புடிப் பேசுவாங்க?"

"மெதுவாத்தான் பேசுவாரு. சிரிச்சா இருமல் வந்துரும்." சவரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வழி நெடுக ஒம்பேச்சுதான் ஆத்தா. எதுக்க வார பிள்ளைகளைக் காட்டி, எம்மக இம்புட்டு ஒசரம் இருப்பாளான்னு கேட்டுக்கிட்டே வருவாரு."

சொர்ணம் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றாள்.

உள்ளே சின்னப்பிள்ளையைக் கூண்டில் ஏற்றினார்கள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"அம்மா, ஒங்க புருஷன் இருக்காரா, இல்லையா?" என்றார் முன்சீப்.

"வரலைங்க."

"நான் கேக்கிறது அது இல்லை. இருக்காரா, இல்லையா?"

இருக்காருன்னு சொல்லு ஆத்தா என்று சொர்ணம் உள்ளுக்குள் கெஞ்சினாள். நிலம் போனால் போகட்டும். சின்னப்பிள்ளையோ மகளின் கிழிந்து தைத்த தாவணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க."

நிலம் கைக்கு வந்தது. சொந்தக்காரர்கள் கூடி வருவதற்குள் சின்னப்பிள்ளை தானே கண்மாயில் முழுகிப் பொட்டை அழித்தாள், தாலியைக் கழற்றினாள். எந்தத் திதியில் சாமி கும்பிடுவது என்று யாரோ கேட்டார்கள்.

"நாள் தெரிஞ்சவுக சொல்லட்டும், கும்பிடுறேன்" என்றாள்.

தை அறுப்பில் சொந்த நெல்லுச் சோற்றை ஆத்தாளும் மகளும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் சொர்ணம் வரப்பில் நின்றிருந்தபோது, புதுக்கோட்டை பஸ் ரோட்டில் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அப்பாவின் முகம் தெரியாததால், நரைத்த ஆள் ஒவ்வொருவரையும் அவர் திரும்பித் தன் வழியே போகிறவரை அவள் பார்க்க வேண்டியிருந்தது.