வெளியே முப்பத்து மூன்று

ஒரு வாரமாக அந்தப் பெட்டி என் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தது. சமையலறைச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, வெளியே எத்தனை டிகிரி என்று சொல்வதுதான் அதன் வேலை. தோட்டத்துச் சுவரில் மாட்டிய சின்ன சென்சார், கம்பியில்லாமல் சில நொடிக்கு ஒரு முறை அதற்குத் தகவல் அனுப்பும். ஒரு தடவை எட்டு என்றது, மறு தடவை முப்பத்து மூன்று என்றது. தூறலும் காற்றுமாக ஊரே நடுங்க, இதற்கு மட்டும் கோடைக்காலம்.

அன்று காலை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். பின்பக்கத் தகரக் கொட்டகையில் துழாவி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, வழக்கம்போல் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். சென்சாரைக் கழற்றிச் சமையலறை மேசையில் பரப்பினேன். பேட்டரி கசிந்து தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

"அப்பா ரூம்ல இல்லைங்க," என்றாள் மனைவி.

"பாத்ரூம்ல இருப்பாரு."

"பாத்துட்டேன். செருப்பக் காணோம். ஸ்வெட்டர் கட்டில்லயே கிடக்கு."

மாமனாருக்கு வாதம் வந்து பேச்சு போய் இரண்டு வருடம். கூப்பிட்டால் குரல் வராது, தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் எழுந்திருக்க வேண்டும், அதுதான் மனுஷத்தனம். ஆனால் கை வைத்த வேலையைப் பாதியில் விட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

"தெருவுலதான் இருப்பாரு. நீ போய்ப் பாரு, பின்னாடியே வரேன்."

அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. காலங்காத்தால இவனுக்கு என்ன கேடு என்று திட்டினேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. அப்பாடா என்றிருந்தது.

தேய்க்கத் தேய்க்கப் பெட்டியில் எண் இறங்கியது. முப்பத்து மூன்று, முப்பது, இருபத்தாறு. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பதினேழு வந்தபோது விசில்கூட அடித்தேன்.

முக்கால் மணி கழித்து மனைவி நனைந்தபடி வந்தாள். "எங்கயும் இல்லைங்க. எனக்குப் பயமா இருக்கு. எழுந்து வாங்களேன்!"

"இதோ முடிஞ்சுது. பாரு, பத்து. சரியாயிடுச்சு."

அவள் மேசையைப் பார்த்தாள். "பேட்டரி போடாமலேவா?"

புதுப் பேட்டரிகள் பிரிக்காத உறையில் அப்படியே இருந்தன. என் முன்னால் கிடந்தது செத்த சென்சார். அப்படியானால் இவ்வளவு நேரமும் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தது யார்?

வாங்கும்போது இரண்டு சென்சார் வந்தன. எது எந்த எண்ணை அனுப்புகிறது என்று பெட்டிக்கே தெரியாதபடி இரண்டையும் ஒரே சேனலில் வைத்த மேதாவி நான்தான். மற்றது ஒரு வாரமாகக் காணோம். அதில் மின்னும் சிவப்பு விளக்கை மாமனார் குழந்தை மாதிரி வேடிக்கை பார்ப்பார்.

"உங்கப்பா சட்டைப் பையில இருக்கு," என்றேன். "பெட்டி காட்டுறது அவரோட சூடு."

அப்போதுதான் அந்தத் தட்டல் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டில் தகரமே கிடையாது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கொட்டகைக் கதவுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதன் வழியாக ஒரு கை வெளியே நீண்டு மழையில் கிடந்தது. மூடிய விரல்களுக்குள் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. நான் உள்ளே துழாவியபோது அவர் என் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது.

திறந்தேன். அவரைப் புரட்டி மடியில் கிடத்தினேன். விரல்களைப் பிரித்து சென்சாரை எடுத்தேன். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் காது வைத்தேன். ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கத்தினாள். "என்னங்க! வண்டி வருது! இங்க எண் ஏறுது! பதினாலு... இருபது! அப்பாவுக்குச் சூடு வருதுங்க!"

சென்சார் என் கைக்குள் இருந்தது.

"இருபத்தஞ்சு!" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

கையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.